அப்பா விட்டுப்போன கொழுப்பு

என் தங்கை ஸ்லாவெங்காவின் கணவன் ஒக்னெனுக்கும் எனக்கும் ஒரே காலையில்தான் ரத்தம் எடுத்தார்கள். நான் இறைச்சிக் கடை வைத்திருப்பவன். சாப்பாட்டுப் பொருளைக் கையால் தொடுகிறவர்கள் அவ்வப்போது சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். அவன் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது ஆசிரியர்களையும் அனுப்புவார்கள். முன்னும் பின்னுமாக உட்கார்ந்திருந்தோம். அந்த நாற்காலியில் நான் பாதிதான் கொள்வேன். அவனோ டிசா ஆற்றில் சின்ன வயசிலிருந்து துடுப்புப் போட்டு, தோளும் முதுகுமாக, வயிறு இருக்கிற இடமே தெரியாத ஆள். நர்ஸ் என் கையில் நரம்பைத் தேடித் தேடிச் சலித்துப்போனாள். அவன் கையில் கண்ணை மூடிக்கொண்டு குத்தியிருக்கலாம்.

முடிவு வந்தது. எங்கள் நாட்டுக் கணக்கில் மொத்தக் கொலஸ்ட்ரால் ஐந்துக்குள் இருந்தால் நல்லது என்பார்கள். எனக்கு நாலரை. ஒக்னெனுக்குப் பத்தேமுக்கால்.

குழாய் மாறிவிட்டது என்று எங்கள் வீட்டில் எல்லோருமே முடிவு செய்துவிட்டோம். ஸ்லாவெங்கா நேராகக் கடைக்கு வந்து, வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள் என்றும் பார்க்காமல், "அண்ணே, உன் ரத்தத்தை அவருக்கு எழுதிட்டாங்க. நீ இன்னிக்கே போய் டாக்டரைப் பாரு" என்றாள். கறி வெட்டிக்கொண்டிருந்த கத்தி கையிலேயே நின்றுவிட்டது. அன்று மதியம் வெறும் தக்காளியைத் தின்றுவிட்டுப் படுத்தேன். இன்னொரு முறை ரத்தம் கொடுத்தோம். மாறவில்லை. என்னுடையது என்னுடையதுதான், அவனுடையது அவனுடையதுதான்.

இதைக் கேட்டு அதிகம் சிரித்தவன் ஒக்னெனின் தம்பி விதாக். ஆற்றில் மணல் அள்ளும் இயந்திரப் படகில் அவனுக்கு வேலை. பெரிய குரல், வாயில் எப்போதும் சிகரெட். சனிக்கிழமை காலை என்றால் சாசேஜ் வாங்க என் கடைக்கு வந்துவிடுவான். வாங்குவது பத்து நிமிஷம், பேசுவது ஒரு மணி நேரம். அன்று வந்ததும் கல்லாவில் முழங்கையை ஊன்றிக்கொண்டான்.

"மச்சான், ஊர்ல இருக்கிற பன்னியெல்லாம் உன் வயித்துல இருக்கு. கொழுப்பு மட்டும் எங்கண்ணன் உடம்புல போய் உக்காந்திருக்கு. இது என்னய்யா நியாயம்?"

"உனக்கும் இருக்கும், போய்ப் பாரு" என்றேன்.

"எனக்கு வாயில மட்டும்தான் கொழுப்பு. அது ஊருக்கே தெரியும், அதுக்கு ஊசி வேண்டாம்."

சுகாதார நிலையத்து டாக்டர் பிஸெர்கா அம்மாள் நிதானமானவர். ஒக்னெனின் கண் இமை ஓரத்தில் இருந்த மஞ்சள் படிவை விரலால் தடவிப் பார்த்தாராம். செருப்பைக் கழற்றச் சொல்லி, குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாரை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாராம். அது கயிறு மாதிரித் தடித்திருந்தது. துடுப்புப் போட்டுக் காலை உதைத்து உதைத்து அப்படி ஆகிவிட்டது என்றுதான் நாங்கள் இத்தனை நாளும் நினைத்திருந்தோம். அவனுடைய அப்பாவைப் பற்றிக் கேட்டார்.

அப்பா நாற்பத்துமூன்று வயதில் போனவர். மாவு ஆலையிலிருந்து மூட்டை தூக்கி வந்து, வேர்வையோடு கிணற்றுத் தண்ணீர் குடித்தார், விழுந்தார். குளிர்ந்த தண்ணீர்தான் கொன்றது என்று ஊர் சொன்னது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் வேர்வையோடு தண்ணீர் குடிப்பதில்லை. பெரியப்பாவும் ஐம்பதைப் பார்க்காதவர். அவருக்கு மனக்கவலை என்று ஊர் காரணம் சொன்னது.

தண்ணீரும் இல்லை, கவலையும் இல்லை என்றார் டாக்டர். கல்லீரலுக்குக் கதவுகள் மாதிரிச் சில உண்டு, ரத்தத்தில் சுற்றுகிற கெட்ட கொலஸ்ட்ராலை அவை வழியாகத்தான் அது உள்ளே இழுத்து அப்புறப்படுத்தும்; இந்தக் குடும்பத்தில் சிலருக்குப் பிறக்கும்போதே அந்தக் கதவுகளில் பாதி இல்லை. அதனால் வெளியேற வேண்டியது வெளியேறாமல் ரத்தத்திலேயே சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்துகொண்டே வரும். சின்னப் பிள்ளையிலிருந்தே படியும். வலிக்காது, தெரியாது. ஒருநாள் அடைக்கும். சாப்பாட்டைக் குறைத்தால் கொஞ்சம் இறங்கும். ஆனால் அந்தக் கொழுப்பில் பெரும்பங்கு தட்டிலிருந்து வருவதில்லை, உடம்பே செய்துகொள்வது. மாத்திரை வேண்டும், அதுவும் ஆயுளுக்கும். தம்பியையும் மகளையும் சோதிக்க வேண்டும்.

ஒக்னென் மாத்திரை வேண்டாம் என்றான். பிள்ளைகளுக்கு அவன் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: உடம்புக்கு நீ எதைக் கொடுக்கிறாயோ அதைத்தான் அது திருப்பித் தரும். மூன்று மாதம் கொடுங்கள், வாயாலும் காலாலும் இறக்கிக் காட்டுகிறேன் என்று டாக்டரிடம் பேரம் பேசினான். அவர் மனசில்லாமல் ஒத்துக்கொண்டார். சிகரெட் பழக்கம் இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, மூன்று மாதம்தானே என்று நினைத்திருப்பார்.

அன்றைக்கே என் தங்கை சமையலறையைத் தலைகீழாக்கினாள். பன்றிக் கொழுப்பு வாளி என் கடைக்கு வந்துவிட்டது. வெண்ணெய், பாலாடை, புகை போட்ட கறி எல்லாம் பின்னாலேயே வந்தன. பீன்ஸ் கஞ்சியில் எங்கள் ஊரில் ஒரு துண்டு பன்றி எலும்பாவது போடாமல் யாரும் அடுப்பை அணைக்க மாட்டார்கள். அவள் வெறும் வெங்காயமும் மிளகாய்ப் பொடியும் போட்டு இறக்கினாள். காலையில் ஓட்ஸ், ஆப்பிள், ஒரு கை வால்நட். வாரத்துக்கு இரண்டு முறை ஆற்று மீன், அதுவும் பொரிக்காமல். ஒக்னென் விடியற்காலையில் ஆற்று மேட்டில் ஓடினான், சாயங்காலம் துடுப்புப் போட்டான். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அவர்கள் மகள் தெயா, அப்போது பதினோரு வயது, சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக என் கடைக்கு வந்து சாசேஜ் கேட்பாள். நான் கொடுப்பேன். வீட்டில் சொல்லாதே என்று இரண்டு பேருமே சொல்லிக்கொள்ள மாட்டோம், அது சொல்லாமலே தெரிந்த விஷயம்.

நவம்பர் கடைசியில் என் வீட்டு முற்றத்தில் பன்றி அடித்தோம். அண்ணனும் தம்பியும் எப்போதும் போல் உதவிக்கு வந்தார்கள். பெரிய கொப்பரையில் கொழுப்பைத் துண்டு துண்டாகப் போட்டுக் கிளறி, அது பொன்னிறமாக வறுபடும்வரை நிற்க வேண்டும். கை தளர்ந்தால் அடிப்பிடித்துவிடும். வழக்கமாக ஒக்னென்தான் கிளறுவான். அன்றும் அவன்தான் கிளறினான். மணம் தெருக்கோடி வரை போனது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ரொட்டியோடு வந்துவிட்டார்கள். விதாக் கொப்பரையிலிருந்து சுடச்சுட எடுத்து உப்பு தூவி, அண்ணன் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"ஒண்ணே ஒண்ணு. எந்த டாக்டர் பாக்கப்போறா?"

"எட்டப் போடா."

"நீ செத்து சொர்க்கத்துக்குப் போனா அங்க ஓட்ஸ் கஞ்சிதான் ஊத்துவாங்க, தெரிஞ்சுக்கோ."

ஒக்னென் சிரித்தான். கிளறுவதை நிறுத்தவில்லை. நான் ஒரு பிடி வறுவலை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று தின்றேன். கடைசியில் அவன் அங்கேயே வந்து என்னைப் பிடித்தான். "எதுக்கு மச்சான் ஒளிஞ்சு திங்கறே? முன்னாடி வந்து தின்னு. எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை" என்றான். வருத்தம் இல்லை என்றுதான் சொன்னான். கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று நின்று அவன் சட்டை முழுக்க அந்த மணம் ஏறியிருந்தது. ஒரு துண்டுகூட வாயில் வைக்காமல் வீட்டுக்குப் போனான்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் திரும்ப ரத்தம் எடுத்தார்கள். கால்சட்டை இடுப்பில் நிற்காமல் இடைவாரில் புது ஓட்டை போட்டிருந்தான். ஒன்பதேமுக்கால். ஒன்றுதான் இறங்கியிருந்தது.

ஸ்லாவெங்கா கூடப் போயிருந்தாள். டாக்டருக்கு ஆச்சரியமே இல்லையாம். ஒக்னென் தாளை மடித்துக்கொண்டே, "நான் எதைத் தப்பாச் செஞ்சேன்?" என்று கேட்டானாம்.

"எதையும் தப்பாச் செய்யலை. இதைவிட நல்லா யாராலும் செய்ய முடியாது. இதுக்கு மேல சாப்பாட்டால முடியாது, அவ்வளவுதான்."

அந்தப் பதில்தான் அவனை உடைத்தது என்று என் தங்கை சொன்னாள். எங்காவது தப்பு செய்திருந்தால் திருத்திக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தான். தட்டில் வைத்த மீனைத் தொடவில்லை. அவள் என்ன செய்வாள்? வாளி வாளியாகக் கொழுப்பை வெளியே அனுப்பிய கை, இப்போது அனுப்புவதற்கு வேறெதுவும் இல்லாமல் மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தது.

மாத்திரை தொடங்கினான். முதலில் கால் சதை வலிக்கிறது என்றான். டாக்டர் வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார், கூடவே இன்னொன்றும் சேர்த்தார். வலி போயிற்று. பனி உருகும் சமயத்தில் பார்த்தால் ஐந்தரைக்கு வந்திருந்தது. நாங்கள் எல்லோரும் கொண்டாடினோம். அவன் மட்டும் சந்தோஷப்படவில்லை. மூன்று மாதம் ஓடியும் பட்டினி கிடந்தும் முடியாததை நகத்தளவு மாத்திரை செய்துவிட்டது என்பது அவனுக்கு அவமானமாக இருந்தது என்று நினைக்கிறேன். ஓட்டத்தையும் ஓட்ஸையும் விடவேண்டாம், அதுவும் சேர்ந்துதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொன்னார். அவன் விடவில்லை.

அதற்குப் பிறகுதான் தெயாவைக் கூட்டிப்போனார்கள். மாதக்கணக்காகத் தள்ளிப்போட்டிருந்தார்கள். ஸ்லாவெங்காவுக்குப் பயம், ஒக்னெனுக்கு அதைவிடப் பயம். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று டாக்டர் சொல்லியிருந்தார், நாணயம் சுண்டுவது மாதிரி. பிள்ளைக்கு எட்டரை இருந்தது.

முடிவு வந்த அன்று நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். தெயா முடிவுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பாவுக்கு இருக்கிறதுதான் எனக்கும் இருக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றான் ஒக்னென்.

"அப்போ நானும் மாத்திரை போடணுமா?"

"போடணும்."

"மாமா கடையில சாசேஜ்?"

ஸ்லாவெங்கா இல்லை என்று தலையாட்டினாள். அவள் தன் அறைக்குப் போய்விட்டாள். ஒக்னென் என்னிடம் திரும்பி, ரொம்ப மெதுவாக, "கண்ணு என் அம்மா மாதிரி, மூக்கு அவ அம்மா மாதிரி. என்கிட்டருந்து என்ன போச்சு பாத்தியா" என்றான். நான் அவன் தோளில் கை வைத்தேன். வேறெதுவும் செய்யத் தெரியவில்லை. கசாப்புக் கடைக்காரன் ஆறுதல் சொன்னால் எப்படி இருக்கும்? அடுத்த நாளிலிருந்து தெயா கடைக்கு வந்தால் ஆப்பிள் கொடுத்தேன். இரண்டு நாள் வாங்கினாள், அப்புறம் வருவதை நிறுத்திவிட்டாள்.

பிள்ளையின் முடிவு வந்தபின் ஒக்னென் தம்பியை விடவில்லை. அதுவரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்திருந்தான், இப்போது தினம். விதாக்குக்கு அப்போது முப்பத்தொன்பது. புகைக்கிறவன், அப்பாவின் மகன், சின்னச் சின்னதாக இரண்டு பிள்ளைகள். ஒரு ஊசி, அவ்வளவுதானே என்று கெஞ்சினான். விதாக் சிரித்தான். சிரிப்பு எடுபடாமல் போனபோது கோபித்தான். மணல் படகில் பத்து மணி நேரம் சங்கிலி இழுக்கிறேன், எனக்கு என்ன வந்துவிடும் என்றான். உனக்கு வியாதி வந்தது என்பதற்காக எனக்கும் வர வேண்டுமா என்று ஒருநாள் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டான். ஒக்னென் அன்று சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டான்.

ஸ்லாவெங்கா கொழுந்தனிடம் தனியாகப் போய்ப் பேசினாள். அவன் மனைவி நெவெனாவிடமும் பேசினாள். நெவெனா அமைதியான பெண். "அண்ணி, சொன்னா அவரு வீட்டை விட்டு வெளிய போய் ராத்திரி முழுக்கச் சாராயக் கடையில உக்காந்துக்கறாரு. நான் எப்படிச் சொல்ல?" என்றாளாம்.

நான் என் பங்குக்கு ஒன்று செய்தேன். ஒரு சனிக்கிழமை அவன் வந்தபோது சாசேஜ் கிடையாது என்றேன். கண்ணாடிப் பெட்டி நிறையத் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் என்ன, பூமாலையா?"

"உனக்கு இல்லை. ரத்தம் குடுத்துட்டு வா, ரெண்டு கிலோ சும்மாவே தர்றேன்."

"ஊர்ல நீ ஒருத்தன்தான் கடை வெச்சிருக்கியா மச்சான்?" என்று சொல்லிவிட்டுப் பாலத்துக்கு அந்தப்புறம் இருக்கிற கடைக்குப் போனான். வாங்கிய பொட்டலத்தைத் திரும்பி வந்து என் கண்ணாடிக்கு வெளியே தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். அடுத்த வாரம் என் கடைக்கே வந்து வாங்காமல் நின்று பேசினான். பேசாமல் அவனால் இருக்க முடியாது. நாலாவது வாரம் நானே கொடுத்துவிட்டேன். இவனுக்கு எமன் சாசேஜ் இல்லை, பிறவிக் கொழுப்புதான் என்று டாக்டர் சொல்லியிருந்தாரே, எனக்கும் தெரியும். இருந்தாலும் கொடுக்கும்போது கை கூசியது.

ஈஸ்டருக்கு முன்னால் எப்படியோ மனம் மாறி ரத்தம் கொடுத்தான். தெயாதான் காரணம். சித்தப்பா, நான் குத்திக்கிட்டேன், உங்களுக்குப் பயமா என்று கேட்டாளாம். விதாக்குக்குப் பதினொன்றேகால். அண்ணனைவிடக் கூட. டாக்டர் மாத்திரை எழுதி, நோவி சாது நகரத்து இதய வைத்தியரிடம் போகச் சொல்லிச் சீட்டும் கொடுத்தார், சிகரெட்டை அன்றே நிறுத்தச் சொன்னார். விதாக் மாத்திரை வாங்கினான். வாங்கினான் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். நோவி சாதுக்குத் ஈஸ்டர் முடிந்து போகிறேன் என்றான். ஆறு வடிகிற பருவம், மணலுக்கு நல்ல கிராக்கி, லீவு கேட்டால் முதலாளி முறைப்பார் என்றான். எல்லாமே நியாயமான காரணமாகத்தான் இருந்தன.

மே மாதம் புனித ஜார்ஜ் நாளுக்கு அவன் வீட்டில் ஆட்டுக்குட்டி சுட்டார்கள். மறுநாளிலிருந்து நெஞ்செரிச்சல் என்று சோடா உப்பைத் தண்ணீரில் கலந்து குடித்துக்கொண்டிருந்தான். ஒக்னென் கேள்விப்பட்டதும் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கே போய்விட்டான். தம்பியைப் படகிலிருந்து இறக்கி, இப்பவே வா, சுகாதார நிலையத்தில் நெஞ்சுக்கு ஒரு ஈ.சி.ஜி. எடுப்போம் என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். கூட வேலை செய்கிறவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். விதாக் கையை உதறிவிட்டு, ஆட்டுக்கறி தின்றவனுக்கு எரிச்சல் வராதா, திங்கட்கிழமை சத்தியமாக வருகிறேன் என்றான். அவன் சத்தியம் செய்து அதுவரை தவறியதில்லை. அதனால் ஒக்னென் திரும்பிவிட்டான். நாற்பது வயசை நெருங்கும் ஆம்பிளையை எப்படித் தூக்கிக்கொண்டு போக முடியும்?

அது நடந்தது அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை காலை. என் கடைப் பையன் வரவில்லை. பாதிப் பன்றி இரண்டு வந்து வண்டியில் கிடந்தன. விதாக் வழக்கம்போல் வந்தவன் தானே தோளில் போட்டு உள்ளே கொண்டுவந்தான். வேண்டாம் என்று சொன்னேன். இரண்டாவதைக் கொக்கியில் மாட்டிவிட்டு, காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தான். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"மச்சான், தாடை வலிக்குது. பல்லுன்னு நினைக்கிறேன்" என்றான்.

நான் அப்போதே தொலைபேசியை எடுத்துவிட்டேன். ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன், ஒக்னெனுக்குச் சொன்னேன். தண்ணீர் கேட்டான். கொண்டுவருவதற்குள் பெட்டியிலிருந்து பக்கவாட்டில் சரிந்துவிட்டான்.

ஒக்னென் வீடு பக்கத்துத் தெருதான். ஓடி வந்தான். காலணிகூட இல்லை. தம்பியை என் கடைத் தரையில் மல்லாத்திப் போட்டு, நெஞ்சில் இரு கையையும் வைத்து அழுத்தத் தொடங்கினான். பள்ளியில் வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு ரப்பர் பொம்மையில் சொல்லிக்கொடுப்பது அதுதான். கை மடங்கவில்லை, வேகம் குறையவில்லை. படகு ஓட்டுகிறவனுடைய கை. எண்ணிக்கொண்டே அழுத்தினான், நிறுத்தி மூச்சு ஊதினான், திரும்ப அழுத்தினான். நான் பக்கத்தில் மண்டியிட்டு, விதாக்கின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்ய என்று கேட்டேன். பிடித்துக்கொண்டே இரு என்றான். ஆம்புலன்ஸ் தாமதிக்கவில்லை, சீக்கிரம்தான் வந்தது. அவர்கள் மின் அதிர்ச்சி கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். அவர்களில் ஒரு பெண் கடைசியில் எழுந்து நின்றுவிட்டாள். ஒக்னென் விடவில்லை. அவள் அவன் தோளைத் தொட்டு, போதும் சார் என்றாள். அவன் கேட்கவில்லை. நான்தான் அவன் கையைப் பிடித்து எடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கை என் கைக்குள்ளும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

நெவெனா அலமாரியைத் திறந்து காட்டியபோது மாத்திரை டப்பா பிரிக்கப்பட்டிருந்தது. ஏழெட்டு மாத்திரை குறைந்திருந்தது. போட்டிருக்கிறான், அப்புறம் விட்டிருக்கிறான். முழுசாகப் போட்டிருந்தாலும் அந்தச் சில வாரத்தில் பெரிய மாற்றம் வந்திருக்காது என்றார் டாக்டர். நாற்பது வருஷம் படிந்தது ஒரு மாதத்தில் போகாது. அன்றே நோவி சாதுக்குப் போயிருந்தால் அடைப்பைப் பார்த்திருப்பார்களா என்று ஒக்னென் கேட்டதற்கு, இருக்கலாம் என்று மட்டும் சொன்னார். இருக்கலாம் என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவன் அந்தக் கோடை முழுவதும் திண்டாடினான். இழுத்துப்போயிருக்கணும் மச்சான், கட்டியாவது இழுத்துப்போயிருக்கணும் என்பான். எப்படி என்று நான் கேட்பேன்.

நாற்பதாம் நாள் சடங்குக்குக் கல்லறையிலும் பிறகு வீட்டிலும் எங்கள் வழக்கப்படி சாப்பாடு போட்டார்கள். கறி நான் கொடுத்ததுதான். வந்தவர்கள் தட்டை நிறைத்துக்கொண்டு, பாவம் கடினமாக உழைத்தவன், வேர்வையோடு குளிர்ந்த அறைக்குள் போனானாம், இறைச்சி அறை என்றால் அப்படித்தானே குளிரும் என்று பேசிக்கொண்டார்கள். ஒக்னென் மேஜை முனையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒருவரிடம் விளக்க ஆரம்பித்தான். கல்லீரல், கதவு என்று இரண்டு வாக்கியம் சொன்னான். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு ராக்கியா என்கிற பழச்சாராயத்தை ஊற்றிக்கொண்டார். அவன் நிறுத்திவிட்டான்.

எல்லோரும் போனபின் ஸ்லாவெங்கா நெவெனாவிடம் பிள்ளைகளைப் பற்றி எடுத்தாள். பெரியவன் லாசாருக்கு ஏழு வயது, சின்னவள் யெலிசாவெத்தாவுக்கு நாலு.

"அவங்களையும் ஒரு தடவை பாத்துடலாமே நெவெனா."

"வேண்டாம் அண்ணி."

"தெரிஞ்சுக்கிட்டா—"

"தெரிஞ்சுக்கிட்டு என்ன ஆச்சு?" நெவெனா குரலை உயர்த்தவில்லை. தட்டுகளை அடுக்கிக்கொண்டேதான் கேட்டாள். "அவருக்குத் தெரிஞ்சுது. உங்க எல்லாருக்கும் தெரிஞ்சுது. டாக்டருக்குத் தெரிஞ்சுது. என்ன ஆச்சு? கொஞ்ச நாளைக்கு என் பிள்ளைங்க வெறும் பிள்ளைங்களா இருக்கட்டும்."

ஒக்னென் வாசலில் நின்றிருந்தான். அவனுக்குக் கேட்டிருக்கும். உள்ளே வரவில்லை. என் தங்கையும் நானும் சேர்ந்து மீதிப் பாத்திரங்களைக் கழுவினோம்.

கோடை முழுக்க யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒக்னென் மட்டும் வாரம் ஒருமுறை அவள் வீட்டுக்குப் போய் விறகு பிளந்து கொடுப்பான், கூரை ஓடு மாற்றுவான், பிள்ளைகளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போவான். அவர்கள் ஓடும்போது குதிகாலைப் பார்த்துக்கொண்டே இருப்பான் என்று ஸ்லாவெங்கா சொன்னாள். அந்த வயசில் அங்கே எதுவும் தெரியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், இருந்தும் பார்ப்பானாம்.

செப்டம்பரில் ஒருநாள் நெவெனா தானாகவே வந்தாள். நாளைக்கு யாராவது கூட வாங்க, தனியாப் போக முடியலை என்றாள். நாங்கள் மூன்று பேரும் போனோம். முடிவுக்கும் சேர்ந்தே போனோம். அவள் உள்ளே போய்விட்டு வெகுநேரம் கழித்து வந்தாள். லாசாருக்கு இல்லை. நாலு என்ற கணக்கில் சாதாரணமாக இருக்கிறது. சின்னவளுக்கு ஒன்பதேகால்.

யெலிசாவெத்தா நாற்காலியில் காலைத் தொங்கப்போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒக்னென் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். மாத்திரை எப்போது தொடங்கலாம் என்று நெவெனாவிடம் கேட்டான். அவள் டாக்டர் சொன்னதைச் சொன்னாள். இந்த வயசில் கொடுப்பதில்லை, எட்டு வயதாவது ஆக வேண்டும், அதுவரை சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், வருஷம் ஒருமுறை ரத்தம் எடுப்போம்.

"அப்படின்னா இன்னும் நாலு வருஷம்" என்றான் ஒக்னென்.

"ஆமா."

"அதுவரைக்கும்?"

நெவெனா முடிவுத் தாளை மடித்துப் பையில் வைத்தாள். ஓட்ஸ் எப்படிச் சமைப்பது, பீன்ஸில் எலும்புக்குப் பதிலாக எதைப் போடுவது என்று ஸ்லாவெங்காவிடம் கேட்க ஆரம்பித்தாள். என் தங்கை பொறுமையாகச் சொன்னாள். ஒக்னென் அந்தச் சின்னக் குதிகாலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிள்ளைக்குக் கூசியது. சிரித்துக்கொண்டே காலை இழுத்துக்கொண்டாள்.